அலை பாடத்தைத் தொடங்க ஒரு கொடிக்கயிறு போதும்

அலை என்றால் என்ன என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் வாயைத் திறக்க மாட்டார்கள், கையைப் பாம்பு மாதிரி நெளித்துக் காட்டுவார்கள். தப்பில்லை. ஆனால் அந்தக் கை நெளிந்துகொண்டே முன்னால் போகிறது பாருங்கள், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏதோ ஒரு பொருள் நெளிந்து நெளிந்து இங்கிருந்து அங்கே போவதுதான் அலை என்று மனதில் ஒரு படம் விழுந்துவிடுகிறது, அப்புறம் வரையறையை எத்தனை முறை எழுதி மனப்பாடம் செய்தாலும் அந்தப் படம் அழிவதில்லை. அதனால் புத்தகத்தைத் திறக்கும் முன்னால் நான் ஒரு கொடிக்கயிற்றை எடுத்துக்கொண்டு போவேன்.

துணி காயப்போடும் சாதாரணப் பருத்திக் கயிறு, ஆறேழு மீட்டர். நைலான் வேண்டாம், லேசாக இருக்கும், முறுக்கிக்கொண்டு படுத்தும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, நடுவில் ஒரு சிவப்பு ரிப்பனை முடிந்து, மறுமுனையை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து, மேலும் கீழுமாக ஒரே ஒரு தடவை உதறச் சொல்கிறேன். கயிற்றில் ஒரு மேடு கிளம்பி ஜன்னலை நோக்கி ஓடுகிறது, எல்லார் கண்ணும் அதன் பின்னாலேயே ஓடுகிறது. சரி, இன்னொரு முறை, இப்போது மேட்டைப் பார்க்காதே, ரிப்பனை மட்டும் பார். ரிப்பன் மேலே போகிறது, கீழே வருகிறது, முதலில் இருந்த இடத்திலேயே நிற்கிறது. ஜன்னல் பக்கமாக ஒரு விரற்கடை கூட நகரவில்லை. ஆனால் ஜன்னல் கம்பி குலுங்கியது. கயிறு இருந்த இடத்திலேயே இருக்க, கம்பியைக் குலுக்கியது யார்?

கையில் இருந்த ஆற்றல்தான். கயிற்றின் ஒவ்வொரு துண்டும் தான் ஆடி, பக்கத்துத் துண்டையும் ஆட்டிவிட்டு, தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. இப்படிக் கைமாறிப் போகிற ஆட்டத்துக்குத்தான் அலை என்று பெயர். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாடத்தில் பாதி முடிந்தது என்பேன்.

கயிற்றை உடனே சுருட்டி வைத்துவிடக் கூடாது, இனிமேல்தான் வேடிக்கை. இன்னும் பலமாக உதறினால் மேடு சீக்கிரம் போய்ச் சேருமா என்று கேளுங்கள். வகுப்பே ஒரே குரலில் ‘ஆமாம் சார்’ என்று சொல்லும். உதறிப் பாருங்கள், கைபேசியில் ஸ்லோமோஷன் எடுத்து நேரத்தையும் கணக்கிடுங்கள். மேடு உயரமாகிறதே தவிர, போய்ச் சேரும் நேரம் ஏறக்குறைய அதேதான். இப்போது கயிற்றை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு அதே உதறல். சட்டென்று ஓடிவிடுகிறது! அதாவது மேடு எவ்வளவு உயரம், எத்தனை முறை என்பதெல்லாம் கையின் இஷ்டம், எவ்வளவு வேகம் என்பது கயிற்றின் இஷ்டம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிவரை இதை வைத்துத்தான் பேசப்போகிறேன்.

இனி பெயர்கள். கையை நிறுத்தாமல் சீராக ஆட்டினால் கயிற்றில் மேடும் பள்ளமும் வரிசையாக ஓடும். மேட்டின் உச்சி முகடு, பள்ளத்தின் அடி அகடு. ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம் அலைநீளம். கயிறு சும்மா கிடக்கும்போது இருந்த கோட்டிலிருந்து முகடு வரை உள்ள உயரம் வீச்சு. இதை அகட்டிலிருந்து முகடு வரை அளந்து இரட்டிப்பாக எழுதாத பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை. ரிப்பன் ஒரு முறை மேலே போய், கீழே போய், பழைய நிலைக்கு வர ஆகும் நேரம் அலைவு காலம். ஒரு நொடிக்குள் அப்படி எத்தனை முறை ஆடுகிறது என்பது அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ். இலங்கைப் பாடநூல்களில் இதையே மீடிறன் என்பார்கள், காதுக்கு அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. அலைவு காலம் கால் நொடி என்றால் அதிர்வெண் 4 ஹெர்ட்ஸ், இரண்டும் ஒன்றுக்கொன்று தலைகீழ்.

இங்கே ஒரு எச்சரிக்கை. புத்தகத்தில் இரண்டு வரைபடங்கள் இருக்கும், பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி. ஒன்றில் கிடை அச்சில் தூரம், மற்றதில் நேரம். முதலாவது, ஓடிக்கொண்டிருக்கிற கயிற்றை ஒரு கணத்தில் போட்டோ எடுத்தது, அதில் இரண்டு முகடுகளுக்கு நடுவே அளந்தால் கிடைப்பது அலைநீளம். இரண்டாவது, ஒரே ஒரு ரிப்பனை வீடியோ எடுத்து அது எந்த நொடியில் எந்த உயரத்தில் இருந்தது என்று குறித்தது, அதில் அளந்தால் கிடைப்பது அலைவு காலம். அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் பாய்ந்தால் போச்சு.

அடுத்தது எல்லாரும் பயப்படும் சமன்பாடு: திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம். இதில் பயப்பட ஒன்றுமே இல்லை. கை ஒரு முறை ஆடினால் ஒரு அலைநீளம் அளவுக்கு அலை வெளியே போகிறது. நொடிக்கு 4 முறை ஆடுகிறது, ஒவ்வொரு அலையும் அரை மீட்டர் என்றால் ஒரு நொடியில் முன்னால் போன அலை 2 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அவ்வளவுதான். ஆபத்து எங்கே என்றால், சமன்பாட்டைப் பார்த்ததும் ‘அப்போ அதிர்வெண்ணைக் கூட்டினால் வேகம் கூடும்’ என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுகிறார்கள். கணக்கு அப்படித்தான் சொல்கிற மாதிரி தெரிகிறது, ஆனால் உலகம் அப்படி இல்லை.

ஊர்க்கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கிறார்கள், குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறது, நீங்கள் 680 மீட்டர் தள்ளி வயல் வரப்பில் நிற்கிறீர்கள். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும், ஆகவே வாசித்து 2 நொடி கழித்துத்தான் உங்களுக்குக் கேட்கிறது. அதிர்வெண் கூடினால் வேகமும் கூடும் என்றால் நாதஸ்வரத்தின் கீச்சு ஸ்வரங்கள் முதலில் வந்து சேர, தவிலின் அடி பின்னால் தனியாக நொண்டிக்கொண்டு வர வேண்டும். தாளமே கெட்டுப்போயிருக்கும். கெடுவதில்லையே! கீச்சுக் குரலும் கட்டைக் குரலும் காற்றில் ஒரே வேகத்தில்தான் போகின்றன, கிளம்பிய ஒழுங்கிலேயே வந்து சேர்கின்றன.

ஆகவே அந்தச் சமன்பாட்டை நான் இப்படிச் சொல்லிக்கொடுப்பேன்: அதிர்வெண்ணை முடிவு செய்வது ஆட்டி வைக்கும் மூலம், திசைவேகத்தை முடிவு செய்வது ஊடகம் (கயிறு, காற்று, தண்ணீர் என்று அலை எதில் ஓடுகிறதோ அது), இந்த இரண்டு பேரும் முடிவு செய்தபின் மிச்சம் இருப்பதை அனுசரித்துக்கொண்டு போவது அலைநீளம். பாவம், அதற்குச் சொந்த விருப்பம் கிடையாது. 340 ஹெர்ட்ஸ் ஒலிக்குக் காற்றில் அலைநீளம் 1 மீட்டர். அதே ஒலி தண்ணீருக்குள் நுழைந்தால் அங்கே வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர், அதிர்வெண் மாறாது, ஆகவே அலைநீளம் 4.4 மீட்டராக நீண்டுவிடும்.

அலையின் வகைகளுக்கு வருவோம். கயிற்றில் அலை கிடையாக ஓடியது, ரிப்பன் செங்குத்தாக ஆடியது. இப்படி ஆட்டமும் ஓட்டமும் ஒன்றுக்கொன்று குறுக்காக இருந்தால் குறுக்கலை. இன்னொரு வகைக்கு ரேஷன் கடை வரிசைதான் உதாரணம். பின்னால் யாரோ ஒருத்தர் தள்ள, அவர் முன்னால் இருப்பவர் மேல் சாய, அவர் அடுத்தவர் மேல் சாய்ந்துவிட்டு நிமிர, தள்ளல் கவுண்டர் வரை போய்விடும், ஆனால் வரிசையில் யாரும் ஒரு இடம் கூட முன்னேறியிருக்க மாட்டார்கள் (ரேஷன் கடையில் எப்போதுமே அப்படித்தான்). இங்கே ஆள் ஆடியதும் அலை ஓடியதும் ஒரே திசையில். இது நெட்டலை. ஆட்கள் நெருங்கிய இடம் நெருக்கம், விலகிய இடம் நெகிழ்வு. திருவிழாக் கடையில் கிடைக்கும் வானவில் நிற பிளாஸ்டிக் ஸ்பிரிங்கைத் தரையில் நீட்டிவைத்து ஒரு முனையைத் தள்ளி இழுத்தால் நெருக்கமும் நெகிழ்வும் ஓடுவது கண்ணுக்கே தெரியும். அதே ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் ஆட்டினால் குறுக்கலை. ஒரே பொருளில் இரண்டும்!

ஒலி நெட்டலை. ஆனால் புத்தகத்தில் ஒலியைக் காட்டும் படத்தில் ஒரு வாயும் ஒரு காதும் நடுவில் ஒரு நெளிகோடும் போட்டுவிடுகிறார்கள், பிள்ளைகளும் ஒலி காற்றில் நெளிந்து நெளிந்து போகிறது என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நெளிகோடு ஒரு வரைபடம். எந்த இடத்தில் காற்று நெருங்கியிருக்கிறதோ அங்கே கோடு உயர்கிறது, நெகிழ்ந்த இடத்தில் தாழ்கிறது, அவ்வளவே. அதேபோல் வாயிலிருந்து கிளம்பிய காற்றே காதுக்குள் வந்து சேர்கிறது என்று நினைப்பதும் உண்டு. அதற்கு நான் சொல்வது: என் குரல் கடைசி பெஞ்சு வரை உடனே வந்துவிடுகிறது, காலையில் நான் சாப்பிட்ட பூண்டு ஊறுகாயின் வாசனை வரவில்லையே? வாசனை வந்தால் பொருளே வந்திருக்கிறது, சத்தம் வந்தால் அலை வந்திருக்கிறது. சாதாரணமாகப் பேசும்போது காற்றுத் துகள்கள் முன்னும் பின்னும் நகரும் தூரம் தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு கூட இருக்காது.

தண்ணீர் அலை? பல புத்தகங்களில் குறுக்கலைக்கு உதாரணமாக அதைத்தான் போட்டிருக்கும். முழுக்கச் சரியில்லை. ஆழமான தண்ணீரில் மிதக்கும் ஒரு தேங்காய் நெற்றைக் கவனித்தால் அது மேலும் கீழும் மட்டும் ஆடாது, முன்னும் பின்னும் சேர்ந்து ஆடி ஏறக்குறைய ஒரு வட்டம் போடும். இரண்டு வகையும் கலந்தது என்று சொல்லிவிட்டுப் போவதே நேர்மை. பரீட்சையில் என்ன எழுதுவது என்று கேட்டால், சரி, புத்தகத்தில் உள்ளதையே எழுது.

நிலநடுக்கத்தில் இரண்டு வகையும் தனித்தனியாக வரும். வேகமாக முதலில் வந்து சேர்வது நெட்டலை, பின்னால் வருவது குறுக்கலை. திரவத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு வர அதற்குள் பிடிமானம் இல்லை, ஆகவே குறுக்கலை திரவத்துக்குள் போகாது. பூமியின் நடுப்பகுதியைத் தாண்டி குறுக்கலை வந்து சேராததைப் பார்த்துத்தான் உள்ளே திரவ நிலையில் ஒரு கருப்பகுதி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

இதுவரை பார்த்ததெல்லாம் இயந்திர அலைகள், ஆடுவதற்கு ஒரு பொருள் வேண்டும். 1660 வாக்கில் ராபர்ட் பாயில் கண்ணாடிக் கலத்துக்குள் ஒலி எழுப்பும் ஒன்றை வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார், சத்தம் தேய்ந்துகொண்டே போனது. ஆனால் கலத்துக்குள் இருந்தது கண்ணுக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்தது, அதாவது ஒளிக்குக் காற்று தேவைப்படவில்லை. ஏன் என்பதற்கு 1865 இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லின் கணக்கு விடை சொன்னது: ஒளியில் ஆடுவது பொருள் இல்லை, மின்புலமும் காந்தப்புலமும். 1887 இல் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் அப்படிப்பட்ட அலைகளை ஆய்வகத்தில் உண்டாக்கியே காட்டினார். ரேடியோ, மைக்ரோவேவ், அகச்சிவப்பு, கண்ணால் பார்க்கும் ஒளி, புற ஊதா, எக்ஸ் கதிர், காமா கதிர் எல்லாமே இந்த மின்காந்த அலைகள்தான். எல்லாம் குறுக்கலை, வெற்றிடத்தில் எல்லாவற்றுக்கும் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். வேறுபாடு அதிர்வெண்ணில் மட்டும். சென்னையில் எஃப்.எம். ரெயின்போ 101.4 மெகாஹெர்ட்ஸ். வகுத்துப் பாருங்கள், அலைநீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர். பழைய ரேடியோப் பெட்டியில் இழுத்து நீட்டும் ஏரியல் முக்கால் மீட்டர் நீளம் இருப்பது, அதாவது அலைநீளத்தில் கால் பங்கு இருப்பது, தற்செயல் இல்லை. அப்புறம், ரேடியோ அலை என்பது ஒலி அலை இல்லை. பாட்டு அதில் ஏறிச் சவாரி செய்கிறது, ரேடியோப் பெட்டிதான் அதை இறக்கி ஒலியாக மாற்றுகிறது.

வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால் ஒளியின் வேகத்தை அப்பளத்தை வைத்து அளக்கலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுழலும் தட்டையும் அதைச் சுற்றும் அமைப்பையும் எடுத்துவிட்டு, ஒரு தட்டையான பாத்திரத்தில் பெரிய அப்பளங்களை நெருக்கமாகப் பரப்பி உள்ளே வையுங்கள் (பெரியவர்கள் யாராவது கூட இருக்கட்டும், அடுப்பைக் காலியாக ஓட்ட வேண்டாம்). பதினைந்து இருபது நொடியில் அப்பளம் முழுக்கப் பொரியாது, அங்கங்கே வட்ட வட்டமாகப் பொரியும். உள்ளே போன அலையும் சுவரில் பட்டுத் திரும்பிய அலையும் சேர்ந்து, முன்னால் ஓடாமல் நின்ற இடத்திலேயே ஆடும் நிலை அலை உண்டாகிறது. ஆட்டம் அதிகமான இடத்தில் சூடு அதிகம், அந்த இடங்கள் அரை அலைநீள இடைவெளியில் இருக்கும். ஸ்கேல் வைத்து அளந்தால் ஏறத்தாழ 6 செ.மீ. வரும், அப்படியானால் அலைநீளம் 12 செ.மீ. அடுப்பின் பின்னால் ஒட்டியிருக்கும் சீட்டில் 2450 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். பெருக்கினால் நொடிக்கு 29 கோடியே 40 லட்சம் மீட்டர். உண்மையான மதிப்புக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! எல்லா அடுப்பிலும் இவ்வளவு அழகாக வராது, சிலதில் 5, சிலதில் 7 என்று இழுக்கும், அப்போது பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

அலைகளின் பண்புகள் என்று ஒரு பட்டியல் பாடத்தில் வரும். எதிரொலிப்பைக் கயிற்றிலேயே பார்த்திருப்பீர்கள், ஜன்னல் கம்பியில் மோதிய மேடு பள்ளமாகப் புரண்டு திரும்பி வரும். எதிரொலி தனியாகக் கேட்க ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி இடைவெளி வேண்டும், ஆகவே சுவர் 17 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். வேறு ஊடகத்துக்குள் சாய்வாக நுழையும்போது வேகம் மாறுவதால் பாதை திரும்பினால் அது விலகல், தம்ளர் தண்ணீரில் கரண்டி ஒடிந்த மாதிரித் தெரிவதற்கு அதுதான் காரணம். குளத்தில் இரண்டு கல்லை எறிந்தால் இரண்டு வட்டங்களும் ஒன்றை ஒன்று கடந்து, சந்தித்த இடத்தில் மட்டும் கூடியோ குறைந்தோ ஆடிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரித் தன் வழியே போகும். மனிதர்களுக்கு இது வராது.

விளிம்பு விளைவை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிடுவது கூடத்தில் கேட்கிறது, அம்மா தெரிவதில்லை. நடுவில் ஒரு கதவு திறந்திருக்கிறது, நீங்கள் ஓரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். குரலின் அதிர்வெண் 200 ஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 1.7 மீட்டர், கதவின் அகலம் ஒரு மீட்டர் கூட இல்லை. தன் அலைநீளத்துக்கு ஒத்த அளவிலோ சிறியதாகவோ உள்ள திறப்பைத் தாண்டும்போது அலை விசிறி மாதிரி நாலாபுறமும் பரவும். பச்சை ஒளியை எடுத்துக்கொண்டால் ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறத்தாழ 1,800 அலைகள் அடங்கும், அதற்குக் கதவு என்பது ஒரு மைதானம், நேராகப் போய்விடுகிறது. சுவரில் பட்டு வரும் ஒலியும் சேர்ந்துதான் காதுக்கு வருகிறது, ஆனாலும் இந்த வளைவின் பங்கு பெரியது.

ஒரு பிள்ளை கேட்டான்: ‘சார், அதிர்வெண்ணை மூலம்தான் முடிவு செய்யும்னு சொன்னீங்க, வீணையில கம்பியை முறுக்கினா சுருதி ஏறுதே, மீட்டுற விரல் அதே விரல்தானே?’ நல்ல கேள்வி. இரண்டு முனையும் கட்டிய கம்பியில் கதை கொஞ்சம் மாறும். கம்பியின் நீளம்தான் அலைநீளத்தை முடிவு செய்துவிடுகிறது, இழுவிசையும் கனமும் வேகத்தை முடிவு செய்கின்றன, ஆகவே மிச்சமாகி நிற்பது அதிர்வெண். பிரடையை (கம்பியை முறுக்கும் திருகாணி) திருகினால் வேகம் கூடிச் சுருதி ஏறும், கம்பிக்கு அடியில் இருக்கும் மெட்டில் விரல் வைத்து அழுத்தினால் நீளம் குறைந்து சுருதி ஏறும். அந்தக் கம்பி காற்றை ஆட்டத் தொடங்கியதும் அது மூலமாகிவிடுகிறது, பழைய விதியே திரும்ப வரும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் இந்த வாத்தியங்களைக் கேட்டதோடு விடவில்லை, மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கத் தோல்) நடுவே உள்ள கறுப்புப் பூச்சு, சாதாரணத் தோலில் ஒன்றோடொன்று ஒட்டாத அதிர்வெண்களை முழு எண் விகிதத்துக்குக் கொண்டுவருகிறது என்று 1920 இல் எழுதினார்.

கடைசியாக ஒரு பெரிய அலை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, இந்திய நேரம் காலை ஆறரை மணிக்குச் சற்று முன் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவு நிலநடுக்கம். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் சுனாமி தமிழ்நாட்டுக் கரையில். சுனாமியின் அலைநீளம் கடலின் ஆழத்தைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் அதன் வேகம் ஆழத்தை மட்டும் பொறுத்தது: ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 4,000 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 198 மீட்டர், மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், விமான வேகம். கரையருகே 10 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 36 கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். அலைவு காலம் மாறாது, அது மூலம் முடிவு செய்தது. அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆழ்கடலில் 350 கிலோமீட்டருக்கு மேல் இருந்த அலைநீளம் கரையில் 18 கிலோமீட்டருக்குள் நசுங்குகிறது. முன்னால் போன தண்ணீர் மெதுவாகிவிட்டது, பின்னால் வருவது இன்னும் வேகமாக வருகிறது, அவ்வளவு ஆற்றலுக்கும் போக ஒரே வழி மேலே. வீச்சு எகிறுகிறது. நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து மேலே கடந்து போன ஜேசன்-1 செயற்கைக்கோள் நடுக்கடலில் அளந்த உயரம் சுமார் 60 செ.மீ. மட்டுமே.

‘அப்போ படகுல இருந்தவங்க என்ன ஆனாங்க சார்?’ என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். ஆழ்கடலில் இருந்தவர்களின் படகை அந்தத் தண்ணீர் பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டு அரை மீட்டர் தூக்கி இறக்கியது, வலையில் கை வைத்திருந்தவர்களுக்கு அது தெரியக்கூட இல்லை. கரைக்குத் திரும்பியபோதுதான் பார்த்தார்கள்.